மிச்ச எடை

நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலில் தொல்லையே இல்லை. ரயிலுக்கு எடை ஒரு பொருட்டல்ல. அமலி சைக்கிளைப் பெட்டியின் கொக்கிகளில் மாட்டிவிட்டு, மற்ற எல்லோரையும் போல அதன் கீழேயே உட்கார்ந்து வந்தாள். சாலைகளில் மோட்டார் வண்டி ஓடி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் செருப்பை மறந்தாலும் சைக்கிளை மறப்பதில்லை.

விமானம்தான் சிக்கல். வெயிலில் பறக்கும் கதிர்விமானத்தில் ஆள், பை, சைக்கிள் மூன்றும் சேர்ந்து எண்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எடைமேடையில் ஏறும்போது எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் பத்து கிராம்கூடக் குறையாது என்று தெரிந்தும்.

அமலியும் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொன்பது.

"ரெண்டு பேர் சைக்கிளா?" என்றாள் எடை பார்க்கும் பெண். "ஒம்பது கிலோ கூட இருக்கே. மிச்சம் கேளுங்கக்கா."

எண்பதுக்குக் குறைவாக இருப்பவர்களின் மீதி எடைக்கு மிச்சம் என்று பெயர். அந்த அளவுக்கு அவர்கள் பிறருடைய சைக்கிள் பாகங்களைத் தங்கள் கணக்கில் எடுத்துச் செல்லலாம். கூடத்தில் நின்று குரல் கொடுத்தால் போதும். அமலி ரயிலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். 

அந்தமானில் தங்கை சலேத் காத்திருந்தாள். ஆறு வருடம் விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டு வந்தவள். எடையில்லாமல் வாழ்ந்ததில் காதுக்குள் இருக்கும் சமநிலைப் புலன் மங்கிவிட்டது. தனியாகச் சைக்கிளில் ஏறினால் சாய்ந்துவிடுவாள். ஆனால் வாசலில் போட்ட கோட்டைத் தானே சைக்கிள் மிதித்துத் தாண்டுபவர்களைத்தான், விண்வெளியிலிருந்து திரும்பியவர்களைத் தேற்றும் மீட்பகம் வீட்டுக்கு அனுப்பும். முன்னால் ஒருவர் உட்கார்ந்து சமன்செய்யலாம். மிதிப்பது அவளாக இருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குகிறது. இதை விட்டால் அடுத்த விமானம் நான்கு மாதம் கழித்து.

"மிச்சம்..." என்றாள் அமலி. அவளுக்கே கேட்கவில்லை.

"கொசுகூட இதவிடச் சத்தமாக் கேக்கும்மா," என்றார் அருகில் தன் சைக்கிள் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பருத்த மனிதர். "எதுக்கு இம்புட்டுப் பெரிய சைக்கிளு?"

"தங்கச்சியக் கூட்டிட்டு வரணும். விண்வெளியில இருந்தவ."

அவர் எழுந்து நின்றார். கூடம் அதிர்ந்தது. "மிச்சம் உண்டா? வானத்துலருந்து வந்த பிள்ளையக் கூட்டியாரணுமாம்."

"நேத்து பூரா வயிறு சரியில்ல. மூணு கிலோ இருக்கு, பின் சக்கரத்தத் தாங்க," என்று வந்தாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். முன் சக்கரத்தைப் புதுமணத் தம்பதி கேட்டு வாங்கினார்கள். சங்கிலி, இரண்டு சீட்டுகள், ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகக் கை மாறின. கடைசியில் நானூறு கிராம் மட்டும் கூடுதலாக நின்றது. யாரிடமும் மிச்சம் இல்லை.

பருத்தவர் தன் பையிலிருந்து புளிச்சாதப் பொட்டலத்தை எடுத்தார். "இத இங்கயே தின்னுட்டா?"

"தின்னா எங்கண்ணே போகும்? உங்களுக்குள்ளதான இருக்கும்," என்றாள் எடை பார்க்கும் பெண்.

அவர் சற்று யோசித்தார். பிறகு பொட்டலத்தை அவளிடமே நீட்டினார். "நீ பறக்கலல்லா? தின்னு." அவர் கணக்கில் நானூறு கிராம் மிச்சம் வந்தது.

அந்தமானில் இறங்கி, பாகங்களைத் திரும்பக் கொடுத்துச் சைக்கிளை மீண்டும் பொருத்தி முடித்த பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. "தங்கச்சியப் பாக்காம எப்படிப் போக?" என்றாள் கண்ணாடிக்காரி. அத்தனை பேரும் மணியடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

மீட்பக வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்ற சலேத், கூட்டத்தைப் பார்த்து மிரண்டாள். "யாருக்கா இவங்கல்லாம்?"

அமலி யாருடைய பெயரையும் கேட்டிருக்கவில்லை. "அவங்க பின் சக்கரம். இவங்க ரெண்டு பேரும் முன் சக்கரம். அந்தத் தம்பி சங்கிலி. இவரு..." கொஞ்சம் தயங்கினாள். "புளிச்சாதம்."

சலேத்துக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பின் சீட்டில் அவளை ஏற்றிவிட்டு, அமலி முன்னால் ஏறி உந்தினாள். கோடு முப்பது அடியில் இருந்தது. மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் அமலி தன் கால்களைத் தளரவிட்டாள்.

சைக்கிளின் வேகம் குறைந்தது. ஹேண்டில்பார் இடப்பக்கம் ஆடியது. பிறகு பெடல்கள் அவள் பாதங்களைத் தூக்கின. மேலே கொண்டுபோய், இறக்கி, மறுபடி தூக்கின. பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் சீராக வந்தது. எல்லோரும் கத்தியதில்தான் கோட்டைத் தாண்டிவிட்டது தெரிந்தது.

"மெதுவாட்டி, முன்னால ரோடு இறங்குது," என்றாள் அமலி.

சலேத் கேட்கிறதாக இல்லை.