தரை நனையும் வரை

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், பிளாஸ்டிக் குடங்கள், ஒரு தகரப் பெட்டி எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குமரேசனும் அவன் மனைவி பொன்னியும் அடி அண்ணாமலைக்கு அந்தாண்டை இருந்த ஹாக்கி மைதானத்தில் வந்து இறங்கினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பார்த்ததும் பொன்னி அசந்துதான் போனாள். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, மலைகூடப் பழுப்பேறி நிற்கிறது, இந்த ஒரு இடம் மட்டும் கம்பி வேலிக்குள்ளே பச்சைப் பசேல் என்று இருக்கிறது! தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் பிளாஸ்டிக் புல்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழு நாட்டுப் பெண்கள் வந்து ஆடிய மைதானம் அது. ஏரிக்கரை நிலத்தை எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் வைத்து உறிஞ்சிக் கட்டினார்கள். போட்டி முடிந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். போட்டி முடிந்தது, பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா? அந்த வேலைக்குத்தான் குமரேசன் வந்திருந்தான்.

அவன் சம்பளத்துக்காக வரவில்லை. பொன்னிக்கு ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. "குடம் தூக்கினா இதுவும் தங்காது" என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். டவுனில் மாடி அறை, தண்ணீரோ தெருக்குழாயில். இங்கே காவல்காரன் அறைக்கு வாசலிலேயே குழாய் இருக்கிறது என்றார்கள். இந்தக் குழந்தை கையில் வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று கிளம்பி வந்துவிட்டான்.

குழாய் இருந்தது. திறந்தால் காற்றுதான் வந்தது. லாரி வரும்போது குமரேசனே குடங்களை நிரப்பி வைத்தான்.

வந்த சில நாளிலேயே, மதியத் தூக்கத்தில் இருந்தவனை ஒரு வாசனை எழுப்பியது. முதல் மழைக்கு மண் கிளப்புமே, அந்த வாசனை. பிளாஸ்டிக்கில் ஏது மண்வாசனை? வெளியே வந்து பார்த்தால் மைதானத்தில் பாதி நனைந்து கருத்துக் கிடந்தது. லாரிக்காரன் சிந்தியிருப்பான் என்று நினைத்தான்.

மறுநாளும் அப்படியே இருந்தது.

குடங்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

"நீ இன்னா, ரெண்டு தடவ குளிக்கிறியா?"

"இன்னாங்க நீங்க! குடிக்கவே காணலயே, குளிக்கறேனா?"

வேறு யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு கட்டினான். எதிரே கிரிவலப் பாதையில் மோர் விற்கிற தனத்தின் மேல்தான் சந்தேகம். ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் போய்ச் சண்டைக்கு நின்றான்.

தனம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் தண்ணிய நான் எடுத்துகினு இன்னா பண்ணப் போறேன் தம்பி? உன் பொஞ்சாதியக் கேளு. உச்சிவேளைக்கு அவதான தூக்கித் தூக்கி ஊத்தறா. நானே நெஞ்சு பதறிப் பார்த்துகினு இருக்கேன். அப்படியே எங்க திரௌபதி நடையாட்டம் இருக்குது."

"யாருக்கா திரௌபதி?"

தனம் குரலைத் தாழ்த்தினாள். "கடைசி ஆட்டத்தன்னிக்கு மோட்டார்ல தண்ணி ஏறல. ஏறுறதுக்குக் கெணத்துல இருந்தாத்தான! தரை காஞ்சிருந்தா பந்து ஓடாதாம், ஆடற பொண்ணுங்க காலு வெந்துடுமாம். எங்களக் கூலிக்குக் கூப்ட்டாங்க. திரௌபதி மாசமா இருந்தா. ஒரு வாய் குடிச்சிக்கறேன்னு கெஞ்சினா. மொதல்ல தரைய நனைங்கடீன்னான் மேஸ்திரி. அங்கியே வுழுந்தா. ஷாமியானாத் துணியப் போட்டு மூடிட்டு ஆட்டத்த நடத்தினாங்க தம்பி. கப்பு குடுத்து, வாணம் வுட்டு, எல்லாரும் போன பொறவுதான் தூக்கினோம். அவ வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த விடல, படுபாவிங்க!"

குமரேசன் ஓட்டமாக ஓடினான்.

மைதானம் கண்ணைக் கூச வைத்தது. பொன்னி இடுப்பில் நிறைகுடத்தோடு, செருப்பில்லாத காலோடு, அந்தக் கொதிக்கிற தரையில் நடந்துகொண்டிருந்தாள்.

"பொன்னி!"

அவள் திரும்பவில்லை.

எங்கோ விசில் ஊதியது. காலியாகக் கிடந்த கேலரியிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்தது.

அவன் போய்க் குடத்தைப் பிடித்தான்.

"விடுங்க. அந்த மூல இன்னும் நனையல. ஆட்டம் ஆரம்பிக்கப் போவுதாம். அந்தக்கா சொல்றாங்க."

"எந்தக்கா?"

பொன்னி அவன் தோளுக்குப் பக்கத்தில் கை காட்டினாள். அங்கே யாரும் இல்லை.

அவன் கீழே பார்த்தான். நனைந்த தரையில், அவன் காலுக்குப் பக்கத்தில், இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது.

அந்தப் பாதங்கள் ஓரடி நகர்ந்தன.

பொன்னி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். குமரேசன் அவளைத் தாங்கி உட்கார வைத்தான். இதுவும் போய்விடுமா? குடத்தைப் பிடுங்கினான், மண்டியிட்டான், தாரை வார்ப்பது போல உள்ளங்கை வழியாக நீரைத் தரையில் விட்டான்.

"தாயி, அவள வுட்டுடு. புள்ளய வுட்டுடு. மழ வந்து இந்தத் தரை நனையற வரைக்கும் நான் ஊத்தறேன். சத்தியமா ஊத்தறேன்."

இரைச்சல் சட்டென்று நின்றது. பொன்னியின் முகத்திலிருந்து வலி வடிந்தது.

அன்றைக்கே அவளை டவுனில் அவள் அம்மா வீட்டில் விட்டுவந்தான். ஐப்பசியில் எப்படியும் மழை வரும், அதுவரைக்கும் குடம் தூக்கினால் ஆயிற்று என்று தன் புத்தியை மெச்சிக்கொண்டான். தினமும் உச்சிக்கு ஊற்றினான். ஆடியில் ஒரு நாள் காய்ச்சலென்று படுத்துவிட்டான். அன்று மதியமே பொன்னிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவன் தவறவில்லை.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் மழையும் வந்தது. அப்படி ஒரு மழை! மலையில் ஓடைகள் வெள்ளையாக இறங்கின, ஏரிக்குத் தண்ணீர் வந்தது, பாதையில் முழங்கால் அளவு ஓடியது. பொன்னி குழந்தையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, தனத்தின் குடைக்குள் ஒண்டியபடி கம்பிக் கதவுக்கு வந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது.

"ஏங்க, வாங்க! மழ வந்துடுச்சு! போதும், வூட்டுக்குப் போலாம்!"

குமரேசன் உள்ளே குடத்தோடு நின்றிருந்தான். அவன் தலைமுடி காய்ந்திருந்தது.

அப்போதுதான் பொன்னி பார்த்தாள். வேலிக்கு வெளியே கொட்டுகிற மழை, வேலிக்குள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. பிளாஸ்டிக் புல்லிலிருந்து அனல் எழும்பிக்கொண்டிருந்தது.

தனம் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, தரை நனையற வரைக்கும் ஊத்தறேன்னா அன்னிக்கு வாக்கு குடுத்தே? உனக்குக் குடிக்கத் தண்ணி தர்றேன் தாயின்னு சொல்லிருக்கக் கூடாதா? நீயும் தரைக்குத்தான் குடுத்தியா!"

பொன்னி கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"உள்ள வராத!" குமரேசன் அலறினான். "அங்கியே நில்லு. புள்ள மூஞ்சிய மட்டும் காட்டு."

அவள் அழுதுகொண்டே தலைப்பை விலக்கினாள். குழந்தை அவனைப் பார்த்தது.

அவனுக்குப் பின்னால் விசில் ஊதியது.

குழந்தை முகம் சுருங்கி, மூச்சுத் திணறி, வீறிட்டு அழ ஆரம்பித்தது. பொன்னி மார்போடு அணைத்தாள், தட்டினாள், அது அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது.

குமரேசன் குடத்தைக் கதவுக்கு வெளியே நீட்டி மழையில் பிடித்தான். காய்ந்து கிடந்த மூலையைப் பார்த்து ஓடினான். கொட்டினான்.

குழந்தை அழுகையை நிறுத்தியது.