தம்பி முகம்

சுரண்டிய செம்புத்தூள் ஈரமாக இருந்தது. மெனிப்பஸ் விரலை முகர்ந்து பார்த்தான். செம்பு வாசனை இல்லை. நாவிதன் கடையில் முகம் மழித்ததும் வருமே, அந்த வாசனை. உலை வெக்கையில் தன் கைதான் வியர்த்திருக்கும் என்று அங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த காசை எடுத்தான்.

காசில் பேரரசரும் அவர் தம்பி கெட்டாவும் மூக்கோடு மூக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோமில் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டார். இனித் தம்பி முகம் எங்கும் இருக்கக்கூடாது என்று கரியா நாட்டு இந்தச் சிற்றூர்வரை ஆணை வந்திருந்தது. காசுப் பட்டறையில் அந்தப் பாவத்தைத் தொட மற்றவர்கள் தயங்க, மெனிப்பஸ் காசுக் கூடையைத் தானே கேட்டு வாங்கினான்.

காரணம் இருந்தது. அந்தக் காசுக்கு அச்சு வெட்டியது அவன் தம்பி லியோன். பேரரசர் குடும்பத்தை இங்கே யார் நேரில் கண்டார்கள்? ரோமிலிருந்து வந்த ஒரு காசைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அதில் கெட்டாவின் முகம் தேய்ந்திருந்ததால், லியோன் வெண்கலக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வெட்டிவிட்டான். ஊரே புகழ்ந்தது. மெனிப்பஸின் மனைவி அம்மியா ஒரு காசில் துளை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பதினைந்து வருடமாக அச்சு வெட்டும் கணவனின் காசு ஒன்றைக்கூட அவள் உற்றுப் பார்த்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது.

ஆசையாகச் சுரண்டினான். எல்லாக் காசிலும் முதலில் மூக்கு.

மத்தியானம் லியோன் ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்தான். "என்னண்ணே, என்னைத் தோலுரிச்சு முடிச்சாச்சா?" என்று சிரித்தான். அவன் மூக்கு நுனி மழுங்கியிருந்தது. "காலைலேர்ந்து ஒரு வாசனையும் தெரியல. ஜலதோஷம் போல."

மெனிப்பஸ் மூக்கில்லாத காசு ஒன்றை எடுத்துப் பார்த்தான். புரிந்துவிட்டது. நிறுத்திவிடலாம். இப்போதே நிறுத்தினால் தம்பி பிழைப்பான்.

"அண்ணி கழுத்துல இருக்கறதை மட்டும் கேக்காத. உயிரே போனாலும் தரமாட்டாங்களாம்," என்றான் லியோன், போகிறபோக்கில்.

மெனிப்பஸ் உளியை எடுத்தான்.

உதடு. தாடை. சூடான தூள். கண்.

சாயங்காலம் கூடை காலியானது. வீட்டில் லியோன் மேசையருகே உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒன்றுமில்லை. வழவழப்பு.

அம்மியா அலறவில்லை. "வந்துட்டீங்களா? தம்பி பசியோட இருக்காரு," என்றாள்.

ரொட்டியைப் பருப்பில் தோய்த்தாள். ஊதி ஆற்றினாள். லியோனிடம் நீட்டவில்லை, தன் கழுத்தருகே கொண்டுபோனாள்.

காசு வாயைத் திறந்தது.