வாசலில் சிறைப்பட்ட இரண்டாயிரம் குடுவைகள்

மார்ச் பன்னிரண்டாம் நாள், முற்பகல் பத்தரை மணி. இரண்டாயிரம் பல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் ஒருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் இல்லை. முப்பது குழாய்களில் குளிர்ந்து காத்திருந்தது. பிடித்துக் குடிக்கத்தான் எவர் கையிலும் ஒன்றுமில்லை. இதனினும் பெரிய அநியாயம் உண்டா?

மாநாட்டின் சுற்றுச்சூழல் பொறுப்பு ஓர் இளம்பெண்ணுடையது. ‘பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட வேண்டா; சொந்தக் குடுவையுடன் வாருங்கள்’ என்று அனைவருக்கும் மும்முறை மடல் எழுதியவள். ஒன்றரை ஆண்டு உழைப்பு...

“அம்மாடி, பதினொன்னரை வரைக்கும்தான் பார்ப்பேன்” என்றார் மாநாட்டுத் தலைவர். “அப்புறம் பாட்டில் லாரியைக் கூப்பிட்டுடுவேன். அடுத்த வருஷமும் லாரிதான்.”

“சித்தப்பா...”

“வீட்லதான் சித்தப்பா. இங்க தலைவர்!”

குடுவைகள் எங்கே போயின? அவள் வாசலுக்கு ஓடினாள். வெளியே மெல்லிய தூறல். முகப்புக் கூரையின் கீழ் எவர்சில்வர், செம்பு, கண்ணாடி என வரிசை வரிசையாகக் குடுவைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் எழுதிய சீட்டு. நடுவே வாசற்காவல் அதிகாரி, இமைகளில் மழைத்துளியோடு நின்றிருந்தான். அந்தக் கண்கள்... ‘கண்ணைப் பார்க்கிற நேரமா இது?’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“என்ன சார், பாத்திரக்கடை வச்சிருக்கீங்களா?”

“விதிங்க மேடம். வெளியிலேர்ந்து எந்த பாட்டிலும் உள்ளே வரக் கூடாது.”

“எந்த மகாராஜா போட்ட விதி?”

அவன் ஒரு தாளை நீட்டினான். அடியில் அவளுடைய கையெழுத்து! சென்ற ஆண்டு உள்ளேயே பாட்டில் விற்றதால் போட்ட வாசல் விதிகளை, படித்துப் பாராமல் நகலெடுத்து அனுப்பியவள் அவளேதான்.

கன்னம் சிவந்தது. “சரி... இப்போ விட்டுடுங்க.”

“எழுதிக் கொடுங்க.”

“வாயால சொன்னா போதாதா?”

“போதாதுங்க. என் வேலைக்கே உலை வச்சுடுவாங்க.”

தன்மானமா, தண்ணீரா?  பிறகு தாளைப் பிடுங்கி, ‘பிழை என்னுடையது. குடுவைகளை அனுமதிக்கவும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

“ரெண்டாயிரம் பேர் இங்க வந்து வாங்கிட்டுப் போனா சாயந்திரம் ஆயிடுமே...” கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஏங்க வரணும்? நம்பர்படி நூறு நூறா அடுக்கிவச்சிருக்கேன். தள்ளுவண்டி இருபது இருக்கு, தள்ள ஆளும் இருக்கு. நாமளே கொண்டுபோயிடலாம்... ஒரு பக்கம் பிடிங்க!”

ஒரே கைப்பிடியில் இருவர் கைகள். தூறலில் நனைந்த வண்டி வழுக்கியது, அவள் சிரித்துவிட்டாள்.

பதினொன்று இருபதுக்கு முப்பது குழாய்களும் ஓடின. தலைவர் தம் செம்புக் குடுவையை ஒரே மூச்சில் குடித்துமுடித்தார். “லாரியைக் கூப்பிட வேண்டாம்ப்பா!” என்று உத்தரவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவன் தயங்கினான். “ஒண்ணு சொல்லணும்... முதல் குடுவையை வாங்கும்போதே இது தப்புன்னு தோணிச்சு. உங்ககிட்ட கேட்க மூணு தடவை வந்தேன்.”

“அப்புறம் ஏன் கேட்கலை?”

“மேடைகிட்ட சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. பார்த்தேன்... வந்த காரியம் மறந்துபோச்சு. மூணு தடவையும்.”

“அடப்பாவி! இதுக்கா இத்தனை பேர் தொண்டை காய்ஞ்சது?” கோபம் உதட்டளவில்தான் இருந்தது. தலைகுனிந்தாள். “நானும் உங்களை நல்லா திட்டணும்னுதான் ஓடி வந்தேன்... அந்தக் கண்ணைப் பார்த்ததும் பாதி திட்டு மறந்துபோச்சு.”

வாசகரே! நீங்களும் ஒருவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் மும்முறை திரும்பி வந்திருக்கிறீர்கள் அல்லவா? எழுந்திருங்கள். இன்றே சென்று சொல்லுங்கள். மறந்துவிட்டேன் என்னும் சாக்கு ஏற்கப்படமாட்டாது.