இன்னும் பத்தே நிமிஷம்!

போன் அலறியது.

முதல் மணியிலேயே எடுத்தாள் டிட்டே.

"அம்மா டிட்டே... ஐனர் பேசறேன்... டிராக்டர்லேருந்து!" கிழவருக்கு மூச்சு வாங்கியது. "கடல் திரும்பிடுச்சும்மா! பின்னாடி ஓடையில தண்ணி ஏறுது. குழிக்குள்ளே கேபிள் ஒட்டற ஆள் இன்னும் மேலே வரலே!"

டிட்டே நிதானமாகத்தான் கேட்டாள்.

"உள்ளே இருக்கிறது ப்ரேபென்தானே?"

"இல்லேம்மா! அவருக்குப் பல்வலி. காலையில கடைசி நேரத்துல ஆள் மாறிட்டாங்க. இறங்கினது உன் புருஷன்... யெப்பே!"

டிட்டே வீறிட்டாள்!

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கோப்பையைக் கீழே போட்டு உடைத்தார்கள்.

ரீபே நகரத்து மின்சார ஆபீஸிலிருந்து அந்தக் குழி அரை மணி நேரத் தூரம். சுற்றிலும் சேறு. கடல் விலகும்போது இறங்கித் தீவுக்குப் போகும் மின்சாரக் கேபிளை ஒட்டிவிட்டு, கடல் திரும்புவதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். அந்தக் கடல் முன்னால் வராது. முதுகுக்குப் பின்னால் வரும். ஓடைகளை நிரப்பி, கரைக்குப் போகிற வழியை முதலில் அடைக்கும். இன்றைக்கு மூடுபனி வேறு. ஹெலிகாப்டர் கிளம்ப வழியில்லை.

"மேலே வரச் சொல்லுங்க, ஐனர்! கத்துங்க!"

"தொண்டை கிழியக் கத்திட்டேன். அவன் இடுப்புல தொங்கற திரையைக் காட்டறான். இன்னும் பத்தே நிமிஷம்னு அதுல போட்டிருக்காம்."

"எப்போலேருந்து பத்து நிமிஷம்?"

"ஒரு மணி நேரமா!"



எந்த வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவளுடைய பிழைப்பு. கேபிள் ஒட்டும் வேலையில் மட்டும் அறுபது படிகள். படிக்கு ஒரு வரைகோடு; அந்தப் படி எத்தனை நேரம் இழுக்கலாம் என்று காட்டும். ஆளின் இடுப்பில் தொங்கும் திரை சொல்வதும் அதை வைத்துத்தான். அந்தக் கோடுகள் சம்மதித்தால்தான் ஆள் சேற்றில் இறங்கலாம்.

கம்ப்யூட்டரில் பாய்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள். ஒரு தட்டு...

மூட்டில் ஊற்றிய பிசின் இறுகும் படி!

கோடு அழகாக நின்றது. கவிழ்த்து வைத்த மணி போல, இரண்டு பக்கமும் ஒரே சரிவு. வலது பக்கம் நீண்டு கிடக்க வேண்டிய வால்... இல்லை!

கதவு திறந்தது.

ப்ரேபென் நின்றிருந்தார். அவளுடைய மேலதிகாரி; முறை வந்தால் தானும் குழியில் இறங்குபவர். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

அவரைப் பார்த்ததும் டிட்டேயின் முகத்தில் ரத்தம் சுண்டிப் போயிற்று.

"என்ன சத்தம்? இப்பத்தான் பல்லைப் பிடுங்கிட்டு வர்றேன், மனுஷனை..."

"கொலைகாரா!"

"என்னது?"

"இங்கே பாருங்க! பிசின் இறுகற கோட்டுல வாலை வெட்டியிருக்கு!"

ப்ரேபென் குனிந்து பார்த்தார்.

"சராசரி மாறலியே? பழைய சராசரிதானே நிக்குது?"

"அதுதான் கெட்டிக்காரத்தனம்! சராசரி மாறியிருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்களே!" அவள் மேஜையை அறைந்தாள். "எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கேன்? ஒரு வேலை சீக்கிரம் முடியறதுக்கு ஒரு எல்லை உண்டு. இழுக்கிறதுக்கு எல்லையே கிடையாது. அதனாலதான் வால் வேணும்! இந்த மணிக்கோடு என்ன சொல்லும் தெரியுமா? இவ்வளவு நேரம் ஆயிடுச்சா, அப்ப இதோ முடியப் போகுதுன்னு சொல்லும். நிஜமான வேலை ஒரு தடவை இழுக்க ஆரம்பிச்சா இன்னும் இழுக்கும்!"

"அப்ப அந்தப் பத்து நிமிஷம்..."

"பொய்! ஆள் மூழ்கற வரைக்கும் பத்து நிமிஷம்னுதான் காட்டும்!"

போனை வாயருகே கொண்டு போனாள்.

"ஐனர்! உங்க போனை வாக்கி டாக்கியோட ஒட்டிப் பிடிங்க! நான் அவன்கிட்ட பேசணும்!"

கரகரப்பு... காற்று... தண்ணீர் சலசலக்கும் சத்தம்!

"டிட்டே? நீ எதுக்கு இங்கே?" யெப்பேயின் குரல்.

"போட்டது போட்டபடி மேலே வா!"

"இதோ ஆச்சு. இப்ப விட்டா மூட்டுக்குள்ளே உப்புத்தண்ணி போயிடும். தீவு பூரா இருட்டாயிடும்."

"ஆகட்டும்! மெழுகுவத்தி ஏத்திக்கட்டும்!"

"பத்தே நிமிஷம்டி. நானா சொல்றேன்? உன் கணக்கு சொல்லுது. இந்த உலகத்துல நான் நம்பற கணக்கு அது ஒண்ணுதான்."

டிட்டே உடைந்து அழுதாள். தன் வாழ்நாளில் இப்படி ஒரு வார்த்தை தன்னைக் குத்தும் என்று அவள் நினைத்ததில்லை.

"நம்பாதே யெப்பே! அதை நம்பாதே! கோட்டை மாத்தியிருக்கு!"

"யாரு மாத்துவாங்க? கிழவர் பயந்தா நீயும் பயப்படறியா?"

"ஓடைத் தண்ணி டிராக்டர் சக்கரத்துல பாதி வந்தாச்சு!" ஐனர் குறுக்கே கத்தினார்.

டிட்டே கண்ணைத் துடைத்தாள். வேறு வழி தெரியவில்லை.

"யெப்பே... போன கிறிஸ்துமஸுக்குச் சமையலறைக் குழாயைக் கழட்டினியே. எவ்வளவு நேரம்னு சொன்னே?"

தண்ணீர் சலசலத்தது.

"சொல்லுடா!"

"...பத்து நிமிஷம்."

"எத்தனை நாள் நான் குளிக்கிற அறையில பாத்திரம் கழுவினேன்?"

கரகரப்பு.

பிறகு இரும்பு ஏணியில் காலடிச் சத்தம்!

"ஏறிட்டேன்... ஐயோ, டிட்டே! தண்ணி! சுத்தி வர தண்ணி!"

டிராக்டர் உறுமியது. உறுமல் இரைச்சலானது. இரைச்சல் நின்றே போனது.

"ஐனர்! ஐனர்!"

ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லை...

டிட்டே நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். 

"கரை ஏறிட்டோம்மா!" கிழவர் சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை. "எஞ்சினுக்குள்ளே எல்லாம் தண்ணி. உன் புருஷன் பக்கத்துலதான் நடுங்கிட்டு நிக்கறான். பைத்தியம், சுத்தியலை விடாம கையிலேயே பிடிச்சிருக்கான்!"

டிட்டே போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து எழுந்து ப்ரேபெனைப் பார்த்தாள்.

"போலீஸைக் கூப்பிடப் போறேன். கோட்டை மாத்தற பாஸ்வேர்ட் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் உண்டு. நாளைக்கு விசாரணை. போன வருஷம் அதே சேத்துல கேபிள் ஒட்டப் போன மத்தியாஸ் செத்தானே, அது யாரால்னு யெப்பே சொல்லிடுவான்னு பயந்துதானே..."

"நீ போன்ல கத்திட்டிருந்தப்பவே நான் கூப்பிட்டாச்சு. வந்துட்டே இருக்காங்க." ப்ரேபென் கன்னத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். "ஒரு சந்தேகம், டிட்டே. அறுபது படியில எதுல வால் போச்சுன்னு தேடணும்னா எவ்வளவு நேரமாகும்?"

"அது..."

"சராசரி மாறலே. பழைய வேலைகளோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கணும். அரை நாளாவது ஆகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோப்பையைப் போட்டு உடைச்சவன் நான்தான். பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீ ஒரே தட்டுல பிசின் படிக்குப் போனே!"

டிட்டேயின் கை கம்ப்யூட்டர் பக்கத்தை மூடப் போயிற்று.

"யெப்பே எந்தப் படியில மாட்டிக்கிட்டு நிக்கறான்னு ஐனர்கிட்ட நீ கேக்கவே இல்லே. சீக்கிரம் முடியறதுக்கு ஒரு எல்லை உண்டுன்னு நீதானே பாடம் எடுத்தே? அந்த எல்லைக்கும் முன்னாடியே முடிச்சா, விடை முன்னாடியே தெரியும்னு அர்த்தம்!"

அவள் கதவைப் பார்த்தாள்.

"மத்தியாஸ் இறங்கின வேலையோட கோட்டைச் சரிபாக்காம அனுமதி கொடுத்தது நீ. அதை நாளைக்கு நான் சொல்லப் போறேன்னு உனக்குத் தெரியும். இன்னிக்கு அந்தக் குழியில இறங்க வேண்டியவன் நான்!"

"உங்க பல்லு..." டிட்டே விம்மினாள். "உங்க பாழாப்போன பல்லு என் கணக்குலேயே இல்லை! யெப்பேன்னு தெரிஞ்சிருந்தா..."

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"அவன்கிட்ட நானே சொல்லிடறேன். இந்த ஒண்ணை மட்டும் விடுங்க," என்றாள் கெஞ்சலாக. பிறகு இன்னும் மெதுவாக, "எத்தனை வருஷம் உள்ளே வைப்பாங்க?"

ப்ரேபென் வீங்கிய கன்னத்தோடு கோணலாகச் சிரித்தார்.

"சராசரியை வக்கீல் சொல்லுவார். வால் எவ்வளவு நீளம்னு நீதாம்மா கணக்குப் போடணும்!"