இவர்கள் இருவரும் ஒருவரா?

மாமனார் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று நல்ல மழை. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் ஈர மரமும் பழைய துணியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. என் கணவர் அதை ஆசையாக இழுத்து முகர்ந்து, "எங்க வீட்டு வாசனை" என்றார். எனக்குக் குமட்டியது. வந்த முதல் நாளே முகம் சுளித்தால் நன்றாக இருக்காது என்று, ஜன்னலைத் திறக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

சாமான்களை அடுக்கி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அவர் அடுக்கியதோ போட்டோக்களை. எங்கள் இருவருடைய போன்களில் இருந்தவை, பழைய கேமரா கார்டுகளில் இருந்தவை, மாமனார் கடைசிக் காலத்தில் ஆல்பம் ஆல்பமாக ஸ்கேன் செய்து வைத்திருந்தவை எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கொட்டினார். ஒரே படம் பல தடவை, ஆடிப்போன படம், யாருடைய கட்டைவிரலோ பாதியை மறைத்த படம் என்று கல்யாண வீட்டு வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி கிடந்தது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியே தீருவது என்று இறங்கிவிட்டார். கிச்சன் அலமாரியை ஒழுங்குபடுத்த அந்த வேகம் வந்திருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

கம்ப்யூட்டரைப் பின்பக்கத்துச் சின்ன அறையில் வைத்தார். அது அவருடைய தங்கையின் அறை. எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டவள். நான் பார்த்ததில்லை. நாத்தனார் தொல்லை இல்லாத இடத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்று என் தோழிகள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

படங்களைப் பிரிக்கிற அந்தப் புரோகிராம் முகங்களைத் தானாகவே இனம் கண்டு, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே 'இவர் யார்?' என்று கேட்கும். பெயரை அடித்தால் போதும், அந்த ஆள் இருக்கிற படங்களெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்துவிடும். எங்கள் மகளின் முகத்துக்குக் கீழே 'பாப்பா' என்று அடித்தேன். ஏழு வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ஆசை ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி, வீட்டில் யார் வாயிலும் வராது.

மறுநாள் காலை கரண்டியும் கையுமாக அந்த அறையைக் கடந்தபோது திரையில் இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 'பாப்பா என்ற பெயரில் இருவர் உள்ளனர். இவர்கள் இருவரும் ஒருவரா?'

ஒன்று என் மகள். மற்றது கொஞ்சம் வெளுத்த படம், அதே மூக்கு, அதே முகவாய். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு ஓடினேன்.

அவரும் தன் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த முகத்துக்கு முந்தின நாளே அதே பெயரைப் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் இரண்டு பேர் படமும் கலந்து கிடப்பதைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"அப்புறமா பிரிச்சுக்கலாம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. ஒரு நாள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு. ஆறிப் பழசாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காத தழும்பு.

"இது என்னடி? எங்க விழுந்தே?"

"இதா? எப்பவும் இருக்கிறதுதானேம்மா."

பெற்று வளர்த்த எனக்குத் தெரியாத தழும்பா? சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனேன். போன பிறந்தநாள் படத்தைத் திறந்தேன். தழும்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எடுத்த படத்தைத் திறந்தேன்.

அதிலும் இருந்தது.

ஆஸ்பத்திரியில், பிறந்த அன்றே, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது எடுத்த படம். கண்ணே திறக்காத குழந்தை.

புருவத்தில் தழும்பு.

கட்டின் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். என் நாத்தனாரின் படம் வந்தது. முகம் நிறையப் பவுடர், இரட்டைச் சடை, இடது புருவத்தில் அதே வெட்டு.

அறையில் பவுடர் வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் யாரும் பவுடர் போடுவதில்லை.

"பாப்பா" என்று கூப்பிட்டேன்.

"என்ன?" என்று கூடத்திலிருந்து என் மகள் கேட்டாள்.

"என்ன?"

இது என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அவரிடம் சொன்னேன். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பயமே இல்லை.

"படியில விழுந்தப்ப பட்ட காயம் அது" என்று மெதுவாகச் சொன்னார். "ரொம்ப அழுதா."

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"அவ யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா."

"பிரிக்கணுங்க. இப்பவே."

"மறுபடியும் அவளை எங்க போகச் சொல்றே? ரெண்டும் நம்ம பாப்பாதானே."

"எனக்கு ஒரு பாப்பாதான்."

அவர் உட்கார்ந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்குப் பாவமாக இல்லை. "பிள்ளையைக் கூட்டிட்டு முன்னாடி ரூம்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு படத்தையும் திறந்து, 'இவர் இல்லை' என்று அழுத்தி ஒதுக்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் பயனில்லை. எல்லாம் ஒரே முகமாகியிருந்தது. நான் வாங்கிய கவுனைப் பார்த்து, நான் மூடியைத் தொலைத்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, சோபாவைப் பார்த்து, இது என்னுடையது, இது அவளுடையது என்று பிரித்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றை ஒதுக்கும்போதும் பின்னால் சன்னமாக மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிற குழந்தையின் சத்தம் அது. நான் திரும்பவில்லை.

கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சின.

இரண்டும் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள். இரண்டிலும் வெள்ளைச் சட்டை, பின்னால் வெறும் சுவர், இரட்டைச் சடை, தழும்பு. வெளுப்புக்கூட ஒரே மாதிரி இருந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

எதைத் தள்ளுவது?

பெத்தவளுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியவில்லை. வலதுபக்கத்துப் படத்தில் உதடு லேசாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. என் மகள் சிரித்த முகம். அதை வைத்துக்கொண்டு, இடதுபக்கத்துக்கு 'இவர் இல்லை' என்று அழுத்தினேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நின்றது. பவுடர் வாசனையும் இல்லை.

இனிமேல் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, என் மகளின் கட்டுக்கு அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெயரை அடித்தேன். எழுத்தெழுத்தாக அடிக்கும்போதே அழுகை வந்தது. எவ்வளவு தேடி வைத்த பெயர். முன் அறைக்கு ஓடினேன். அவர் மடியில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிப் பார்த்தேன். புருவம் முழுசாக இருந்தது. தழும்பு இருந்த தடம்கூட இல்லை.

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவள் என் கையை மெல்ல விலக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது யாரு, அண்ணி?"