சூலத்தடியில் மூன்று எலுமிச்சம்பழம்

ஐயாவு என்ற ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று அவருடைய இடது முழங்கால், மற்றது போன். முழங்காலுக்காவது தைலம் இருக்கிறது என்பார். புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சிங்களத்தில் முறைப்பாடு எழுதத் தெரியாத தோட்டத்துச் சனம் அவரைத் தேடி வரும். எழுதிக் கொடுப்பார். சில நேரம் எழுத வேண்டிய தேவையே வராது, அதற்குள் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்.

அன்று வியாழக்கிழமை. மஹ்ரூபின் த்ரீவீலர் வாசலில் வந்து நின்றது. மஹ்ரூபுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் துப்புத் துலக்குவதென்றால் இன்னும் கால் தரையில் நிற்காது. முகம் வாடிய யாராவது வண்டியில் ஏறினால், எங்கே போகச் சொன்னாலும் அது சார்ஜன்ட் வீட்டுப் பக்கமே திரும்பும்.

"சார்ஜன்ட், கேஸ் ஒன்டு வந்திரிக்கி," என்றார் மஹ்ரூப்.

"கேஸ் எல்லாம் வேணாம். தேத்தண்ணி வேணும்னா இருக்கு," என்றார் ஐயாவு.

பின்னால் இறங்கியவள் அனிற்றா. நெல்லிஓயா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அவள் உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

பேஸ்புக்கில் 'மலைக் காவலன்' என்று ஒரு பக்கம். எழுதுகிறவர் பெயர் இல்லை, முகமும் இல்லை, ஒரு சிங்கத்தின் படம் மட்டும். செவ்வாய்க்கிழமை பகலில் அதில் ஒரு படம் வந்திருந்தது. ரப்பர் மலையின் ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கல். பக்கத்தில் சூலம் பிடுங்கப்பட்டு மண்ணில் கிடந்தது. கீழே எழுதியிருந்தது: 'நேற்று ராத்திரி ஜெபம் முடிந்து போனவர்கள் செய்த வேலை. பிள்ளை மடுவத்துக்காரியைக் கேளுங்கள். இனி அவளிடம் பிள்ளைகளை விடாதீர்கள்.'

அதற்குக் கீழே கொட்டியிருந்ததை ஐயாவு கொஞ்சம்தான் வாசித்தார். பால்மாவுக்கு மதம் மாறிய கூட்டம் என்று ஒருவன். லயத்து வீட்டை விட்டுத் துரத்துங்கள் என்று இன்னொருவன். பூ, பறவை, கிரிக்கெட் மட்டை என்று படம் போட்டிருந்தார்களே தவிர, ஒருவருக்கும் முகம் இல்லை.

"திங்கக்கிழமை எங்க லயத்துக் காம்பராவுல ஜெபம் நடந்தது உண்மைங்க," என்றாள் அனிற்றா. "முடிஞ்சு எல்லாரும் நேரா வீட்டுக்குத்தான் போனோம். பொலிஸ்ல சொன்னேன். பேர் இல்லாத பக்கம், கொழும்புக்கு அனுப்பித்தான் பாக்கணும், நாளாகும்னாங்க. ஆனா தோட்டத்துத் தொரை நாளைக்கு வரைக்கும்தான் பாப்பாராம். நாளைக்கும் புள்ளைங்க வராட்டி வேற ஆள் போடுவாராம்."

"ஒரு புள்ளையும் வர்றதில்லயா?"

"கிருஷ்ணகுமாரி மகன் மட்டும் வர்றான். அவ என் சிநேகிதி. ஊரே பயந்து நிக்கிற நேரத்துல, மறுநா காலையிலயே கொண்டாந்து விட்டா. மத்தவங்க வழியில கண்டாக்கூட திரும்பிக்கிறாங்க. யார்னு தெரிஞ்சா நேரா நின்னு பேசலாம் ஐயா. இப்ப எல்லார் முகத்தையும் பாத்து இவங்களா, அவங்களான்னு யோசிக்கிறேன். அதுதான் தாங்க முடியல."

ஐயாவு தைலப் போத்தலை மூடினார். இதே கதையை அவர் வேறு வேறு பெயர்களில் எத்தனையோ தடவை கேட்டிருந்தார், சலித்தும் போயிருந்தார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஏற்றத்தில் வண்டி முனகியது. மஹ்ரூப் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் இதே போலத்தான் எழுதின. கடைக்கு வாற மனுசன் சிரிச்சிக்கொண்டு சாமான் வாங்குவான். வீட்ட போய் வேற பேர்ல எங்கள ஏசுவான். இப்ப இவங்கட முறை."

"சரி, உங்க சந்தேகம் யார் மேல?"

"தினேஷ். கொழும்புல போன் கடையில வேல. லீவுல வந்திரிக்கி. பெரிய போன், பெரிய வாய்."

தினேஷ் லயத்து வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தான். கேட்டதும் சிரித்தான். "அங்கிள், நான் ஏசினா என் பேர்லயே ஏசுவேன், என் போட்டோவோட. இந்தா பாருங்க." காட்டினான். அந்தப் படத்தின் கீழே அவனும் அசிங்கமாக எழுதியிருந்தான், சொந்தப் பெயரில், கறுப்புக் கண்ணாடி போட்ட படத்துடன். "எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினேன். அந்தக் கல்லுகிட்ட நான் போயே வருசமாச்சு."

"இதுல பெருமை வேற," என்று மஹ்ரூப் முணுமுணுத்தார்.

அடுத்து, முனியாண்டி கல்லடியில், வேலையாட்களை மேற்பார்க்கிற கங்காணி மூக்கையா. முனியாண்டிக்குப் பூசை செய்கிறவரும் அவர்தான். கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

"எனக்கு ஜெபக்காரங்களைப் புடிக்காதுங்க. அத அனிற்றா மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். போன்ல போட்டுத்தான் சொல்லணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

"சூலம் விழுந்தத யார் முதல்ல பாத்தது?"

"கிருஷ்ணகுமாரி. அது அவ வெட்டுற மலை. சிரட்டைப் பால் எடுக்கப் போற நேரம் ஓடி வந்தா. விடியக்காலம் வரும்போதே விழுந்து கிடந்துச்சாம். நான் போய்ப் பாத்து, தண்ணி தெளிச்சு, திரும்ப நட்டேன்."

ஐயாவு கல்லுக்குப் பக்கத்தில் இருந்த முதல் மரத்தைத் தடவிப் பார்த்தார். "இங்க யாராவது சாமி கும்புடாம வேலை தொடங்குவாங்களா?"

"நல்லா கேட்டீங்க. முனிக்குச் சூடம் காட்டாம இந்த மலையில ஒருத்தனும் மரத்துல கத்தி வைக்க மாட்டான். ஒரு நா ஒருத்தன் வச்சான். பாம்பு கடிச்சு, கேகாலை ஆஸ்பத்திரியில கெடந்தான். அன்னையிலிருந்து சூடம் இல்லாட்டி வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவாங்க. அன்னைக்குப் பேர், சம்பளம் போனாலும் பரவாயில்லம்பாங்க."

ஐயாவு போனில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை மஹ்ரூபிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆள் யார் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"கங்காணி, பாலைத் தராசுல நிறுத்து முடிஞ்சதும் எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. அனிற்றாவும் வரட்டும்."

பகலில் மலையோரம் நிறைந்துவிட்டது. பால் வாளியோடு பெண்கள், லீவில் வந்த பையன்கள், கைக்குழந்தையோடு தாய்மார். அனிற்றா ஒரு ஓரமாக நின்றாள். அவள் பக்கத்தில் போய் நின்றது கிருஷ்ணகுமாரி மட்டுந்தான், மகன் கவிசனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஐயாவு குரலை உயர்த்தவில்லை. "இந்தப் படத்துல எல்லாரும் சூலத்தைத்தான் பாத்தீங்க. நான் கல்லைப் பாத்தேன். கல்லு மேல மூணு எலுமிச்சம்பழம் வரிசையா இருக்கு. அது வழக்கமா எங்க இருக்கும் கங்காணி?"

"சூலத்து முனையில குத்தியிருக்கும்."

"சூலத்தைப் புடுங்கி எறியணும்னு வெறியில வந்தவன், பழத்தை ஒவ்வொண்ணா கழட்டி, மண்ணுல படாம கல்லு மேல வைப்பானா? இது முனியாண்டிக்குப் பயந்த கை. மன்னிச்சுக்க சாமின்னு சொல்லிட்டுச் செஞ்ச வேலை. ஜெபக்காரங்களுக்கு எலுமிச்சம்பழம் மண்ணுல விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மஹ்ரூப் பொறுக்காமல் கேட்டார்: "அப்ப இங்க கும்புடுற எல்லார் மேலயுமே சந்தேகம் வருமே சார்ஜன்ட்?"

"வரும். அதனால மரத்தைப் பாருங்க. படத்துல இந்த முதல் மரமும் இருக்கு. வெட்டின பட்டையில பால் ஓடுது, சிரட்டை பாதி நிறைஞ்சிருக்கு. அப்படின்னா அன்னிக்குக் காலையில இந்த மரத்தை வெட்டியாச்சு. சூடம் காட்டாம இங்க யாரும் கத்தி வைக்கிறதில்ல. சூலம் ராத்திரியே விழுந்து கிடந்திருந்தா, வெட்டுறவங்க அலறிக்கிட்டு அப்பவே கங்காணி வீட்டுக்கு ஓடியிருப்பாங்க. ஓடல. சூடம் காட்டி, மரத்தை வெட்டியிருக்காங்க. அந்த நேரம் சூலம் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அது யார் வெட்டுகிற மலை என்று தோட்டத்துக்கே தெரியும்.

"ஐயா, இல்லைங்க," என்றாள் அனிற்றா. "இவ மட்டுந்தான் புள்ளைய என்கிட்ட விட்டா."

"அதுதாம்மா என்னையும் யோசிக்க வச்சது," என்றார் ஐயாவு. அவர் குரல் இன்னும் தணிந்தது. "மத்த தாய்மார் அந்தப் பொய்யை நம்பினாங்க, பயந்தாங்க. இவ பயப்படல. ஜெபக்காரங்களை விட்டா, அது பொய்னு இந்தத் தோட்டத்துல நிச்சயமா தெரிஞ்சது எழுதினவளுக்கு மட்டுந்தானே. கங்காணி மூஞ்சிக்கு நேரா ஏசுவாரு. தினேஷ் சொந்தப் பேர்லயே ஏசுவான். அவங்களுக்கு மறைப்பு எதுக்கு? தினமும் காலையில உன்னைப் பாத்துச் சிரிக்க வேண்டிய ஆளுக்குத்தான் மறைப்பு வேணும்."

கிருஷ்ணகுமாரி மறுக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டாள். அனிற்றாவைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கம்மா சாகக் கிடந்தப்ப ஜெபத்துல சேந்துச்சு. செத்ததும் நீங்க பாட்டுப் பாடிப் பொதைச்சீங்க. தப்பு அடிக்கல. நான் ஒத்தப் புள்ள. ஒரு புடி வாய்க்கரிசி போடல."

"கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள் அனிற்றா.

"எப்படிடி கேப்பேன்? அம்மா படுக்கையில கெடந்தப்ப நான் பால் வெட்டப் போயிட்டேன். எங்கம்மா மூத்திரத்துணிய அலசினவ நீ. உன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேக்க வாய் வரல. அந்தப் பக்கத்தைத் தொடங்கி சும்மா ஒரு நா எழுதினேன். பேர் இல்லாம எழுதினா நெஞ்சு லேசாச்சு. நான் சொல்றதை எம்புட்டோ பேர் கேட்டாங்க. இந்தத் தோட்டத்துல என்னை யார் கேட்டிருக்காங்க? இன்னும் எழுதுன்னாங்க, எழுதினேன். கடைசியில எழுத ஒண்ணும் இல்லாமப் போச்சு. அதான் சூலத்தைப் புடுங்கினேன்."

அவ்வளவுதான், கூட்டம் பொங்கி எழுந்தது. இவளைத் துரத்துங்கள் என்றது ஒரு குரல். மூக்கையா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஐயாவு குறுக்கே நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க. பக்கம் இவளுதுதான். அதுக்குக் கீழ எழுதினது யாரு? பூ படம் போட்டவங்க, மட்டை படம் போட்டவங்க, பாதிப் பேர் இங்கதானே நிக்கிறீங்க. அனிற்றா முன்னாலதான் நிக்கிறா. எழுதினதை வாயால ஒரு தடவை அவகிட்ட சொல்லிட்டு, அப்புறம் இவளை அடிங்க."

தினேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஒருத்தி போனை முந்தானைக்குள் மறைத்தாள். மூக்கையா கையை இறக்கி, சூலத்துக்கு அருகில் போய் நின்றுகொண்டார். கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டம் கலைந்தது. அனிற்றாவும் இறங்கிப் போனாள்.

திரும்பும் வழியில் மஹ்ரூப் வண்டியை நிறுத்திப் போனைக் காட்டினார். கிருஷ்ணகுமாரி பக்கத்தையே அழித்துவிட்டிருந்தாள். ஆனால் அந்தப் படம் வேறொரு பக்கத்தில் இருந்தது. நிவித்திகல என்ற வேறு ஊரில் நடந்ததாம். ஜெபக்காரர்களின் அடுத்த அட்டகாசமாம். கீழே புதிய ஆட்கள் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு என்ன செய்யிற சார்ஜன்ட்?"

"ஒண்ணும் செய்ய ஏலாது. வண்டிய எடுங்க," என்றார் ஐயாவு. கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு விடியவே மடுவத்துக்குப் போவோம். புள்ளைங்க வருதான்னு பாக்கணும்," என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பிள்ளை மடுவத்து வாசலில் தாய்மார் வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடுத்தார்கள், கஞ்சிப் போத்தலைக் கொடுத்தார்கள், நேற்றும் அதற்கு முந்தின நாளும் வந்தவர்கள் போல, சளி இருக்கிறது பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அனிற்றாவும் ஒன்றும் கேட்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. தொரையின் ஜீப் வந்து, வாசலைப் பார்த்துவிட்டு, நிற்காமல் போயிற்று.

"வேல தப்பிட்டு," என்று மஹ்ரூப் மூச்சு விட்டார்.

ஐயாவு கீழே பலா மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிருஷ்ணகுமாரி பால் கத்தியும் வாளியுமாக நின்றாள், கவிசன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏறி வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பிள்ளையை விட அவளுக்கு வேறு இடமும் கிடையாது.

அனிற்றா கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். குனிந்து கவிசனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இன்னும் போகல," என்றாள். "போகுமான்னும் தெரியல. நேரமாச்சு, மலைக்குப் போ."

கிருஷ்ணகுமாரி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை இல்லதானே," என்றாள் அனிற்றா பின்னாலிருந்து. "அம்மா குழிக்குப் போவோம். வரும்போது ஒரு புடி அரிசி கொண்டு வா."