உள்ளங்கை உப்பு

1993ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, கனகராஜ் தம் மிதிவண்டியை அடையாற்றங்கரைப் பழைய பங்களாவின் மதிலில் சாய்த்து நிறுத்தினார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் நிறுத்திவரும் இடம் அது. கைப்பிடி உரசி உரசிச் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

பங்களாவின் பின்புறம், ஆற்றோரப் புதர்க்காட்டை ஒட்டிய கம்பி வேலிக்குள், ஒரு குடும்ப அறக்கட்டளை கடமான்களை வளர்த்து வந்தது. அவற்றைப் பேணுவதே அவருடைய வேலை. தீவனம் வைப்பார்; சாணம் அள்ளுவார்; மழைக்காலத்தில் குளம்பின் பிளவில் சேறு தங்கிப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வார். நான்கு மணிக்குத் தகர மூடியில் அகப்பையால் மூன்று தட்டு. பன்னிரண்டு மான்களும் வரிசையாக வந்து, அவருடைய உள்ளங்கையிலுள்ள கல்லுப்பை நக்கிய பிறகுதான் தீவனத் தொட்டிக்குப் போகும். அந்த வரிசையை அவர் கற்பிக்கவில்லை, அவையே வகுத்துக்கொண்டன. முதலில் வருவது அரசி என்னும் கிழப் பெண்மான். குட்டிப் பருவத்தில் வேலிக்கம்பி கிழித்ததில் அதன் நாக்கு நுனியில் பிளந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், அந்தப் பிளவு கையில் பட்டதும் அவருக்கு அரசி என்று தெரிந்துவிடும்.

நீதிக்கதைகளில் வரும் மான், வேடனை நம்பலாமா என்று காக்கையிடம் யோசனை கேட்கும். இந்த மான்களுக்கு அப்படிக் கேட்க ஒருவருமில்லை. மூன்று தட்டுக் கேட்டால் வந்தன.

புரட்டாசியில் நிலம் கைமாறியது. அறக்கட்டளையின் மேலாளர் வெங்கடரமணன், மயிலாப்பூர்க்காரர், கனகராஜை அழைத்துச் சொன்னார்: "கவலையே படாதே. செங்கல்பட்டுக்கு அந்தண்டை காட்டோரமா பெரிய பண்ணை. நீயும் அதுகளோட போயிடலாம். உனக்குக் குடியிருக்க ஆத்தோட வேலை கொடுக்கறா. கபாலி சாட்சியாச் சொல்றேன்."

கனகராஜ் நம்பினார்.

கடமானைக் கயிறு போட்டு இழுத்து லாரியில் ஏற்ற முடியாது. மிரண்டால் வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். ஆகவே பலகைக் கூண்டு ஒன்றைத் தொழுவத்திலேயே திறந்து வைத்து, பத்து நாள் அதற்குள்ளேயே தீவனம் போடுவார்கள். கூண்டின் கோடியில் ஒரு சிறு துவாரம். அதன் வழியாகப் பராமரிப்பவரின் கை உப்பை நீட்டும். அச்சம் தெளிந்தபின், நாளுக்கு ஒன்றாக உள்ளே அழைத்துப் பின்கதவை இறக்குவார்கள். கனகராஜின் கையை நம்பிப் பதினொரு மான்கள் ஏறிச் சென்றுவிட்டன.

இன்று அரசியின் முறை.

வாசலில் அகத்திக்கீரை விற்கும் சகினா நனைந்தபடி நின்றிருந்தாள்.

"இன்னா சகினா, மழையில நின்னுகினு? கீரைக் கட்ட உள்ள போட வேண்டியதுதானே?"

"என் கொழுந்தன்தான் அந்த லாரிய ஓட்றான் அண்ணாத்தே. நேத்து முட்ட முட்டக் குடிச்சிட்டு அழுவுறான். வண்டி காட்டுக்கே போவலயாம்."

"பின்ன?"

"மகாபலிபுரம் ரோட்ல யாரோ பெரிய மனுசன் தோட்டமாம். விருந்து. தெனம் ஒண்ணு."

"உன் கொழுந்தன் குடிச்சா, மரத்து மேல யானைய பாத்தேன்னுவான்!"

சகினா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, மானின் காதில் மாட்டும் தகர வில்லை. எண் ஏழு. அவர் கையால் மாட்டியது. அதில் பழுப்பு ரோமம் ஒட்டியிருந்தது.

அவர் தொழுவத்துக்குள் நுழைந்தபோது மேகம் கவிந்து இருண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் அரசி காதுகளை நிமிர்த்தி, வெற்றுக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றது. மழை சட்டென்று ஓய்ந்தது. இலைகள் சொட்டும் ஓசை மட்டும் மிஞ்சியது.

பிறகு வேறோர் ஓசை.

ஈரச் சிமெண்டுத் தரையில் குளம்புகள்.

அவரைக் கடந்து சென்றன. நனைந்த ரோமத்தின் வாடை முகத்தில் மோதியது. கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. ஆனால் கூண்டின் அடிப்பலகை ஒருமுறை தாழ்ந்தது, மறுபடி தாழ்ந்தது. ஏழாவதற்கு இடது முன்கால் நொண்டி. அந்த நொண்டல் நடையும் பிசகாமல் கேட்டது.

பதினொன்று.

"என்ன கனகராஜ், இன்னும் ஏத்தலையா? லாரி வந்து நிக்கறது." குடையைப் பிடித்தபடி வெங்கடரமணன் வந்துகொண்டிருந்தார்.

கனகராஜ் வில்லையை நீட்டினார். "எங்க சார் அனுப்புன அதுங்கள?"

மேலாளர் அதைப் பார்த்தார். பின்பு பார்வையை ஆற்றுப்பக்கம் திருப்பினார். "நானா அனுப்பினேன்? யோசிச்சுப் பாரு. ஒண்ணையாவது நான் தொட்டேனா? கையை நீட்டிக் கூப்பிட்டது நீ."

கனகராஜ் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தள்ளு. நானே கூப்பிட்டுக்கறேன்." வெங்கடரமணன் உப்பை அள்ளிக்கொண்டு, துவாரத்தினுள் கையை விட்டு, மறுகையால் மூடியில் மூன்று முறை தட்டினார்.

அரசி அசையவில்லை.

கூண்டுக்குள் ஏதோ அசைந்தது.

வெங்கடரமணன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மணிக்கட்டுவரை ஈரம். உள்ளங்கையில் ஒரு பரல் உப்புக்கூட இல்லை.

"உள்ள யாரு?" என்றார், காற்றே வராத குரலில்.

உள்ளேயிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. அதன் வெம்மையில் துவாரத்தருகே ஆவி படர்ந்தது. குடையைப் போட்டுவிட்டு அவர் ஓடினார். சற்று நேரத்தில், ஏற்ற வந்த லாரி வெறுமையாகத் திரும்பிச் செல்லும் ஓசை கேட்டது.

கனகராஜ் உப்பை அள்ளி, துவாரத்தினுள் கையைச் செலுத்தினார். கொம்பு குத்தும், பற்கள் எலும்பை நொறுக்கும். அதற்காகவே நீட்டினார்.

"முட்டுங்க. நான்தான் இட்டாந்தேன். என்னைய மிதிங்க."

ஒரு நாக்கு அவருடைய உள்ளங்கையை மெல்ல நக்கியது.

அடுத்து இன்னொன்று. வரிசை மாறாமல், ஒன்றையொன்று நெருக்காமல், பதினொன்றும் நக்கின. அவை சினந்து வந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

கையை உருவிக்கொண்டு, பங்களாவின் பின்புறத்து அடர்ந்த காட்டுப்பகுதியை நோக்கிய வேலிக்கதவைத் திறந்துவிட்டார். "போ அரசி! ஓடு!" அரசி அவரிடமே வந்து, கையைத் தேடியது. அகப்பையை ஓங்கி அதன் விலாவில் அடித்தார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் அடி. அது வியப்புடன் அவரைப் பார்த்ததே தவிர நகரவில்லை.

கூண்டின் அடிப்பலகை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. குளம்புகள் அவரைக் கடந்து திறந்த கதவை நோக்கிச் சென்றன. காற்றில்லாமலே புதர்கள் விலகின. எப்போதும் முதலில் செல்லும் அரசி, அன்று கடைசியாக அவற்றைப் பின்தொடர்ந்து இருளில் மறைந்தது.

அதன்பின் கனகராஜ் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவலாளியானார். நான்கு மணி ஆனதும் மாடிப்படியின் அடியில் ஒதுங்கி, வலக்கையை விரித்து நீட்டுவார். "என்ன அண்ணாச்சி, தினமும் யாருக்கு ரேகை காட்டுதீய?" என்று விற்பனைப்பிரிவுச் சண்முகவடிவு கேலி செய்வாள். அவர் சிரித்து மழுப்புவார். உப்பில்லாத அந்தக் கையை நாக்குகள் வந்து நக்கும். அவர் கண்களை மூடி எண்ணுவார். பதினொன்றோடு நிற்கும். அப்போதுதான் அவருக்கு மூச்சு வரும்: அரசி எங்கோ உயிரோடு இருக்கிறது.

மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

1996ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். தெருவில் மழை, கடைக்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நான்கு மணிக்குக் கனகராஜ் மாடிப்படியின் அடியில் ஒதுங்கிக் கண்களை மூடிக் கையை விரித்தார்.

முதலில் பட்ட நாக்கின் நுனி பிளந்திருந்தது.

அதன் பின்னால், வரிசை குலையாமல், பதினொன்று காத்து நின்றன.